கூலன்ட் தாங்கி மாற்றிய சனிக்கிழமை

என் வலது கை நடுங்கத் தொடங்கியது போன இலையுதிர் காலத்தில். முதலில் தேநீர்க் கோப்பையில் தெரிந்தது, பிறகு சட்டைப் பொத்தானில். பார்கின்சன் என்று மருத்துவர் பிரெஞ்சில் சொன்னபோது என்னைவிட என் மனைவிக்குத்தான் முதலில் விளங்கியது. அவள் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவள், நாள் முழுக்க பிரெஞ்சுதான். மொன்றியலில் இருந்து லொங்கேய் வீட்டுக்குத் திரும்பும்போது அவள்தான் காரை ஓட்டினாள். ஆற்றுப் பாலத்தின் நடுவில், "இரவைக்கு என்ன சாப்பிடுவம்?" என்று கேட்டாள். "இடியப்பம்" என்றேன். இரண்டு பேரும் அழவில்லை.

அது எங்கள் வீட்டுக் கார். இன்னொன்றும் இருந்தது. பிள்ளைகள் இருவரும் ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்த வருடம் பழசாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, மடிக்கிற கூரை, எஞ்சின் முதுகுக்குப் பின்னால். மனைவி அதற்கு வைத்த பெயர் 'சின்னவீடு'. சனிக்கிழமைகளில் நான் அதைக் கழுவும்போது, "இண்டைக்கு அங்கையோ சாப்பாடு?" என்று ஜன்னலால் கேட்பாள். அதில் ஏறினால் தலைமயிர் கலையும் என்று அதிகம் ஏறியதும் இல்லை.

இந்த வசந்தத்தில் பனி கரைந்து காரின் உறையை எடுத்தபோது அதை விற்பது என்று முடிவெடுத்தேன். கையால் கியர் மாற்றுகிற கார், நடுங்குகிற கைக்குச் சரிவராது. மனைவியிடம் சொன்னேன். "உங்கட விருப்பம்" என்றாள். லாசாலில் இருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். அதற்குள் பின் டிக்கியைத் திறந்தபோது ஒரு இனிப்பு வாசம் மூக்கில் அடித்தது. கம்பளம் நனைந்திருந்தது. எஞ்சினைக் குளிராக வைத்திருக்கும் கூலன்ட் திரவம் நிற்கிற பிளாஸ்டிக் தாங்கி, வயது போய் வெடித்துவிட்டது. இந்தக் கார்களுக்கு அது வழக்கமான நோய். கராஜில் கேட்டால் ஜூன் மாதம்தான் இடம் என்றார்கள். எல்லோரும் பனிக்கால டயர் மாற்றுகிற காலம். நானே மாற்றலாம் என்று புதுத் தாங்கியை எடுப்பித்தேன். கை நடுங்காத காலத்தில் இதைவிடப் பெரிய வேலைகளைச் செய்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை வீட்டு முன்றலில் தொடங்கினேன். பழைய கூலன்டை ஒரு பிளாஸ்டிக் பேசினில் வடிய விட்டேன். பூனை, நாய் நக்கினால் உயிர் போகும் என்பதால் உடனே மூடி வைத்தேன். பிறகு குழாய்கள். ஒவ்வொரு குழாயின் வாயையும் வில்லுப்போன்ற ஒரு கிளிப் இறுக்கிப் பிடித்திருக்கும். குறட்டால் நெரித்து, நெரித்தபடியே பின்னால் தள்ள வேண்டும். என் கை நெரிக்கும், ஆனால் நெரித்தபடி நிற்காது. கிளிப் தவறித் தெறித்தது. இன்னொருதரம். இன்னொருதரம். பிறகு குறடே எஞ்சின் இடுக்குக்குள் விழுந்து எங்கோ தங்கிவிட்டது. நான் பின் பம்பரில் முதுகைச் சாய்த்து நிலத்தில் இருந்துவிட்டேன்.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவள் என் பழைய சேர்ட் ஒன்றைப் போட்டு, தலையைத் துணியால் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். கோபத்தில் இருக்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை.

"எழும்புங்கோ. எங்கை விழுந்தது?"

"நீர் போம். உடுப்பெல்லாம் பழுதாப் போயிடும்."

"இது உங்கட உடுப்பு" என்று சொல்லிக்கொண்டே டிக்கிக்குள் தலையை விட்டாள்.

குறட்டை எடுத்தாள். அவளுடைய சின்னக் கை எனக்குப் போகாத இடமெல்லாம் போனது. நான் டோர்ச் லைட்டைப் பிடித்தேன். வெளிச்சம் தாளம் போட்டது. அவள் என் கையை டிக்கியின் விளிம்பில் ஊன்றி வைத்துவிட்டாள். வெளிச்சம் அரைவாசி அடங்கியது.

"இனிச் சொல்லுங்கோ."

"அந்தக் கிளிப்பின்ரை ரெண்டு காதையும் பிடியும். இப்ப நெரியும். விடாதேயும், விடாதேயும்..."

"கத்தாதேங்கோ. நான் கார்டெரியிலை பிள்ளையளோடை கூட இப்பிடிக் கத்துறேல்லை."

முதல் கிளிப் கழன்றபோது அவள் என்னைத் திரும்பிப் பார்த்த முகத்தை என்ன சொல்ல. மகள் பிறந்த அன்று பார்த்த மாதிரி.

அடுத்த வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற கியூபெக்காரர், வேலிக்கு அங்கால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்து கை கொடுக்கட்டுமா என்று என்னைக் கேட்டார். டிக்கிக்குள் இருந்தபடியே மனைவிதான், "நோன் மெர்சி!", வேண்டாம் நன்றி என்று சத்தம் வைத்தாள். அவர் சிரித்து இரண்டு கையையும் உயர்த்திவிட்டு உள்ளே போனார்.

ஒரு குழாய் மட்டும் தாங்கியோடு ஒட்டிப்போய் அசைய மறுத்தது. இழுத்துப் பார்த்தாள், திருகிப் பார்த்தாள். வெட்டிவிடலாம், புதிதாக வாங்கலாம் என்றேன். அவள் உள்ளே போய் கேத்தலோடு வந்தாள். சுடுதண்ணீரில் துணியை நனைத்து, குழாயைச் சுற்றிக் கட்டி, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். காய்ச்சல்காரனின் நெற்றியில் துணி போடுகிற மாதிரி இருந்தது. ரப்பர் இளகிக் குழாய் கழன்றது. மிச்சமிருந்த கூலன்ட் அவள் முழங்கை வரை வழிந்தது. "ஐயோ!" என்றாள். பிறகு சிரித்தாள்.

புதுத் தாங்கி உள்ளே போகும்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் பிடித்தோம். குழாய்களையும் நட்டுகளையும் அவள் போட்டாள். கடைசி இறுக்கலை மட்டும் என் கையில் தந்தாள். நீளமான கைப்பிடி உள்ள ஸ்பானர், பலம் போட்டால் போதும், நடுக்கம் அதற்குத் தடையில்லை. அவள் தெரிந்துதான் தந்தாள். நான் தெரியாத மாதிரி இறுக்கினேன்.

புதுக் கூலன்ட் ஊற்றியபின் உள்ளே காற்று நிற்கக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுவதும் திறந்து வைக்க வேண்டும். மே மாத வெயில். ஹீட்டர் சரியாகச் சுடுகிறதா என்று பார்க்க இருக்கைகளில் ஏறி இருந்தோம், முகத்தில் அனல் அடித்தது. அவளுக்கு நெற்றியால் வியர்வை ஓடியது. கன்னத்தில் கறுப்பு எண்ணெய்க் கோடு. நான் துடைக்கப்போய் அதை இன்னும் பெரிதாக்கினேன்.

"நாளைக்கு அந்த மனிசன் வந்தா குடுக்கத்தான் போறியளோ?" என்று முன் கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டாள்.

"வேறை என்ன செய்யிறது? என்னாலை ஓட்டேலாது."

"என்னாலை ஏலும்தானே."

"உமக்கு கியர் தெரியாது. பிடிக்கிறதும் இல்லை."

"ஆர் சொன்னது பிடிக்கேல்லை எண்டு?" என்றாள். "நீங்கள் தனிய ஓடிப்போறதுதான் எனக்குப் பிடிக்கேல்லை."

எத்தனையோ கோடைகாலம் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. வா என்று நான் ஒரு நாளும் வற்புறுத்தியதில்லை, தலைமயிரைத்தான் அவள் சொல்கிறாள் என்று நம்பியிருந்தேன். ஹீட்டர் அனலுக்குள் அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எஞ்சின் சூடேறிப் பின்னால் விசிறி சுழலத் தொடங்கியது. இறங்கிக் கூலன்ட் மட்டத்தைப் பார்த்தோம். ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லாசால்காரர் வந்தார். நல்ல மனிதர். டிக்கியைத் திறந்து பார்த்து, தாங்கி புதிது, யார் மாற்றியது என்று விசாரித்தார். "நான்தான்" என்று அவள் பிரெஞ்சில் சொன்னாள். அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். ஓம் என்று தலையாட்டினேன். வீணாக அலைய வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு, கார் இனி விற்பனைக்கு இல்லை என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. மனைவி பால் தேநீரும் வடையும் கொடுத்து அனுப்பினாள்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கார் தரிப்பிடத்தில் பின்னேரங்களில் ஓட்டப் பழகினாள். முதல் நாள் கார் துள்ளித் துள்ளி நின்றதை எண்ண முடியாது. "கிளச்சை மெல்ல விடும்" என்று நான் சொல்வேன், "மெல்லத்தானே விடுறன்" என்று அவள் சினப்பாள். ஒரு கிழமை கோபித்துக்கொண்டு தொடவே இல்லை. பிறகு தானாகவே கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

இந்த ஓகஸ்ட்டில் ஆற்றோரத் தெருவால் சொரெல் ஊர்ப் பக்கம் போனோம். அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். என் மருந்துகள் அவள் கைப்பையில். வழியில் ஒரு கடையில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கி, காரின் முன் மூடியின் மேல் வைத்துத் தின்றோம். திரும்பும்போது மழை பிடித்துவிட்டது. கூரையை மூடுவதற்கு எங்காவது நிறுத்தும் என்றேன். "பொறுங்கோ, அந்த லொறியை முந்திட்டு நிப்பாட்டுறன்" என்றாள். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தோம். லொறி பின்னால் போய்ச் சிறுத்துக்கொண்டிருந்தது. அவள் இன்னும் நிறுத்தவில்லை.