கடல் கண்ணாடியில் மஞ்சள்

கடலுக்கு அடியில் முங்கி மீன் பார்க்கிறவர்கள் முகத்தில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடியை எங்கே செய்கிறார்கள் என்று கேட்டால், ஜெர்மனி, ஜப்பான் என்று ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். நான் சொல்கிறேன், கேளுங்கள். தொண்ணூறுகளில் அதில் கொஞ்சத்தை மைசூரில், மேட்டகள்ளி தாண்டி ஒரு தகரக் கூரை ஷெட்டில் நாங்கள் செய்தோம். நாங்கள் என்றால் கர்நாடக எல்லையோரத் தமிழ் ஊர்களான மார்டள்ளி, கௌதள்ளி பக்கமிருந்து பிழைக்க வந்த பெண்கள். ஒருத்தியும் கடலைப் பார்த்ததில்லை. கே.ஆர்.எஸ். அணைக்குப் போய் 'அம்மாடி, எத்தனை தண்ணி!' என்று வாயைப் பிளந்ததோடு சரி.

அது மூக்கையும் சேர்த்து மூடுகிற கண்ணாடி. முகத்தில் படியும் விளிம்பு, தண்ணீர் போலத் தெளிந்த சிலிக்கான் ரப்பர். அது பிரஸ்ஸில் அச்சாகிச் சுடச்சுட வரும். பிசிறைப் பிளேடால் சீவி, கண்ணாடி பொருத்தி, சட்டம் மாட்டி, பெயர் இல்லாத பெட்டியில் அடுக்குவோம். வெளிநாட்டில் எவனோ தன் பெயரை அச்சடித்து விற்றுக்கொள்வான். எனக்கு அதில் வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்.

பெட்டிக்குப் போகுமுன் செக்கிங். பட்டை மாட்டாமல் கண்ணாடியை வெறுமனே முகத்தில் வைத்து, மூக்கால் ஓர் இழுப்பு இழுக்க வேண்டும். கையை எடுத்த பிறகும் அது முகத்தைக் கவ்விக்கொண்டு நின்றால் பாஸ். விழுந்தால் எங்கோ காற்றுப் போகிறது, தூக்கிப் போடு. நாள் முழுக்க இதே வேலை. சாயங்காலம் நெற்றியிலும் கன்னத்திலும் வளையம் பதிந்திருக்கும். பஸ் கண்டக்டர் முகத்தைப் பார்த்தே எங்களுக்கு ஸ்டாப் சொல்லிவிடுவார்.

செக்கிங் மேஜையில் நானும் கௌதள்ளிக்காரி ஒருத்தியும் இருந்தோம். என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்பாள். கன்னம் ஒட்டிய முகம் அவளுக்கு. அந்த முகத்தில் நிற்கிற கண்ணாடி எந்த முகத்திலும் நிற்கும் என்று சூப்பர்வைசர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். அவர் ரயில்வேக் குடும்பம், மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில் பாதி கன்னடம் கலந்திருக்கும், மனசு தங்கம்.

அவள் புருஷன் பம்பாய்க்குக் கட்டட வேலைக்குப் போனவன். முதலில் ஊர்க்காரர்கள் மூலம் சேதி வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. எங்கள் தெருவில் சும்மா இருப்பார்களா? அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்றார்கள். ஆளே இருக்கிறானோ இல்லையோ என்றும் காதுபடப் பேசினார்கள். அந்தப் பேச்சு கிளம்பியதிலிருந்து அவள் தினமும் காலையில் முகம் நிறைய மஞ்சள் பூசிக் குளித்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு வருவாள்.

ஒரு நாள் பேக்கிங்கில் கத்தல். அடுக்கி வைத்த கண்ணாடிகளில் ஒரு பகுதிக்கு உள்விளிம்பு மஞ்சளாகிக் கிடந்தது. ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யய்யோ, ஏனாய்த்து இதுக்கு? பிரஸ்ஸுல சூடு ஜாஸ்தியா?" என்று பிரஸ்காரரைப் பிடித்து உலுக்கினார்.

பிரஸ்காரர் பாவம், முழி பிதுங்க நின்றார். அப்போது இவள் எழுந்தாள்.

"அவருமேல தப்பில்லீங்க சார். அது என்ற மூஞ்சிங்க."

எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தோம். பவுடர் கூடாது, எண்ணெய் கூடாது, கிரீம் கூடாது என்று வேலைக்குச் சேரும்போதே சொல்லியிருந்தார்கள். நாங்களும் ஒழுங்காகக் கேட்டு நடந்தோம். மஞ்சள் யாருக்காவது தோன்றியதா? மஞ்சள் அலங்காரமா என்ன, அது குளிக்கிறது. அந்த ரப்பர் மஞ்சளை அப்படியே குடித்துவிடும் என்று கண்டோமா?

"எங்க வீட்லயும்தான் பூசறாங்க. எனக்கே தோணலையே அம்மா," என்று சூப்பர்வைசர் நொந்துகொண்டார். முதலாளியிடம் அவள் பெயரை எடுக்கவில்லை. ஆனால் நாளையிலிருந்து மஞ்சள் கூடாது என்றார்.

"பூசித்தானுங்க ஆகோணும். வேற வேலை குடுங்க சார்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஏன் சார், கடல்ல முங்கறவன் மூஞ்சியில கொஞ்சம் மஞ்சள் ஒட்டினாத்தான் என்ன? மங்களமா இருந்துட்டுப் போகட்டும்!" என்றேன். அவர் சிரித்துவிட்டார், ஆனால் இறங்கிவரவில்லை. பிசிறு சீவவாவது விடுங்கள் என்றேன். கை மஞ்சளும் ஒட்டும், ஆகல்லம்மா என்றார். மிச்சம் இருந்தது, காலில் மாட்டும் துடுப்பு செய்கிற கறுப்பு ரப்பர் பிரஸ். கறுப்பில் மஞ்சள் தெரியாது. ஆனால் அங்கே அனலும் நாற்றமும் ஆளைக் கொன்றுவிடும்.

"அங்கயே போறனுங்க," என்றாள்.

சாப்பாட்டு வேளையில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்புள்ள, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? ஞாயித்துக்கிழமை மட்டும் பூசிக்க. யாரு கேக்கப் போறா?"

"எல்லாரும் அவரு இல்லைன்னு பேசறாங்கக்கா. நானும் மூஞ்சியக் கழுவிட்டு வந்தன்னா, நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்க."

சண்டை போடத்தான் எனக்குத் தெரியும். அன்று என் டப்பாச் சோற்றில் பாதியை அவள் பக்கம் தள்ளினேன்.

அந்தக் கோடை முழுக்க அவள் துடுப்பு பிரஸ்ஸில் வெந்தாள். முன்கையெல்லாம் சூட்டுத் தழும்பு. வியர்வையில் மஞ்சள் கரைந்து வழியும். மத்தியானம் குழாயடிக்குப் போய், இடுப்பில் செருகிய பொட்டலத்தை எடுத்து மறுபடி பூசிக்கொண்டு வருவாள். அவள் புருஷன் மட்டும் எதிரே வந்திருந்தால், கன்னத்தில் ரெண்டு விட்டுத்தான் பேசியிருப்பேன். கூடவே, எந்த மூலையிலாவது நன்றாக இருக்கட்டும், திரும்பி வந்து தொலையட்டும் என்று சாமுண்டி மலையைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடுவேன்.

மழை பிடித்த சமயத்தில் அவள் கொழுந்தன் வந்து அவளை ஊருக்கு அழைத்துப் போனான். எதற்கென்று சொல்லவில்லை. நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து வந்தாள். அன்று மாலெல்லாம் லாரி ஏற வேண்டிய நாள். ஷெட்டே அல்லோலகல்லோலம். அவள் வாசலில் நின்றதும் நான் பார்த்துவிட்டேன். வெளுத்த முகம், நெற்றியில் ஒன்றுமில்லை, கழுத்திலும் ஒன்றுமில்லை. ஐயோ, மகளே என்று எழுந்தேன். அதற்குள் சூப்பர்வைசர் கைநிறைய ட்ரேயோடு எதிரே வந்தார். அவசரத்தில் அவர் பார்த்தது முகத்தை மட்டும்தான்.

"பந்தியா, வந்துட்டியா அம்மா! சபாஷ், மூஞ்சி எத்தனை சுத்தமா இருக்கு பாரு! இதைத்தானே அப்பவே சொன்னேன். போ, செக்கிங்ல குந்திக்கோ."

நான் அவர் கையைப் பிடித்து அமுக்கினேன். அவள் என்னைத் தடுத்து, ட்ரேயைத் தானே வாங்கிக்கொண்டாள்.

"இனிமே கறை படாதுங்க சார்," என்றாள்.