ரவுதாவை மறுத்தவன்

துனிஸ் நகரச் சட்டக் கல்லூரி ஒன்றில் ரவுதா ஆசிரியை. அறிவுசார் சொத்துரிமைக்கென்றே அந்தக் கல்லூரி ஓர் ஆய்விதழ் நடத்துகிறது. எழுதியவர் படித்தால் உண்டு, மற்றவர்கள் அலமாரியில் அடுக்குவதோடு சரி. அதில் ரவுதா தன் வாழ்நாளில் ஒரே ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். கைரவான் மக்ரூத் என்ற பெயரில் இனிப்பு விற்க வேறு ஊர்க்காரர்களுக்கு உரிமை கிடையாது என்பது வாதம். பிறந்த ஊரான கைரவான்மீது பாசம் வரிக்கு வரி வழிந்தது.

அதன்பின் எந்த இதழ் வந்தாலும் அவள் கண் அடிக்குறிப்புகளில்தான் மேயும். எவராவது தன் பெயரைச் சொல்லியிருக்கிறார்களா? பல வருடங்களாக ஒருவரும் இல்லை. கட்டுரை கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. அது அவளுக்கு வலிக்கத்தான் செய்தது.

இந்த முறை இதழ் வந்ததும் சக ஆசிரியை நாயிலா அதை மேசை இழுப்பறைக்குள் தள்ளினாள்.

"ஏன்டி ஒளிக்கிற? குடு."

"வேணாம்க்கா. சூஸ் ஊர்லேர்ந்து எவனோ ஸஹ்பியாம். உங்களைக் கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கான்."

ரவுதா பிடுங்கிப் படித்தாள். "ரவுதாவின் வாதம் அடியோடு தவறு." "ரவுதா இங்கேயும் சறுக்குகிறார்." பக்கத்துக்குப் பக்கம் அவள் பெயர்தான். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நாயிலா தண்ணீர் கொண்டுவந்தாள். ரவுதா சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் ஒரு பெட்டி மக்ரூத்தோடு வீட்டுக்குப் போனாள். கணவர் மொன்ஸெஃப் விஷயத்தைக் கேட்டுக் கொதித்தார்.

"உன்னை முட்டாள்னு எழுதியிருக்கான், நீ இனிப்பு வாங்கிட்டு வர்ற!"

"ஒரு வரி விடாம படிச்சிருக்கான்ங்க அவன்! நீங்க என்னிக்காவது படிச்சிருக்கீங்களா?"

மொன்ஸெஃப் ஒரு மக்ரூத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் மென்று முடிப்பதற்குள் ரவுதா ஸஹ்பியைத் தொலைபேசியில் பிடித்துவிட்டாள். பெயரைச் சொன்னதும் எதிர்முனை தடுமாறியது.

"மேடம்... கொஞ்சம் கடுமையாத்தான் எழுதிட்டேன். மன்னிச்சிருங்க."

"மன்னிப்பா? நீ சொன்னது அத்தனையும் தப்பு. அடுத்த இதழ்ல உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கப்போறேன், பாரு!"

அவன் குரல் துள்ளியது.

"நெஜமாவா மேடம்? எழுதுங்க, திட்டியே எழுதுங்க! இதுவரைக்கும் என் பேரை எந்த அடிக்குறிப்புலயும் யாருமே போட்டதில்ல!"