ஸ்டீரிங் பாக்ஸுக்குள் ஒரு பிடி பட்டு

போன வாரம் எங்கள் எதிர்வீட்டு வாசலில் ஒரு பழைய வேன் வந்து நின்றது. கல்யாண ஜோடிகளை உட்காரவைத்துப் படம் எடுப்பதற்காக அந்த வீட்டு இளைஞர் வாங்கியிருக்கிறார். பச்சையும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்து, ஜன்னலுக்கு லேஸ் திரை கட்டி, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. முன்சக்கரத்துக்கு உள்பக்கம் தரையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக எண்ணெய். குனிந்து ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். எண்பதை நெருங்குகிற வயதில் குனிவது சுலபம், நிமிர்வதுதான் பாடு. கியர் ஆயில்தான். பூண்டைத் தீயவிட்டது போன்ற அந்த வாடை மாறவே இல்லை.

"ஸ்டீரிங் பாக்ஸ் லீக் ஆவுது அங்கிள். நீங்க மெக்கானிக்கா இருந்தவரு. அந்தக் காலத்துல இதையெல்லாம் எப்படி நிறுத்துவீங்க?" என்றார் அவர்.

"புது சீல் வாங்கிப் போடுப்பா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். "அப்படி இன்னாத்த தொட்டீங்க?" என்றாள் என் மனைவி. ஐம்பது வருஷம் கூடவே இருக்கிறவளுக்கு இன்னும் சொல்லாத விஷயம் அது. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்பதால்தான் சொல்ல முடிகிறது.

நான் தென்னேரிக்காரன். ஏரித் தண்ணீரையும் நெல்லையும் தவிர வேறெதுவும் தெரியாத குடும்பம். பம்பு செட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, பாதி நேரம் திரும்பப் பூட்டத் தெரியாமல் அப்பாவிடம் உதை வாங்கியே மெக்கானிக் ஆனவன். அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெரு முனையில் கீற்றுக் கொட்டகை போட்டு, தகரப் பலகையில் என் பெயரை எழுதி, பக்கத்தில் 'ஆட்டோ இன்ஜினீயர்' என்றும் எழுதிக்கொண்டேன். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன் என்று பலகைக்குத் தெரியவா போகிறது?

பலகையைப் பார்த்து முதலில் சிரித்தவன் ஏகாம்பரம். என் ஷெட்டும் அவன் வீடும் ஒரே சுவர். அவனுக்கும் என் வயதுதான், இருபத்தைந்து. குழித்தறியில் கால்வைத்து உட்கார்ந்தானென்றால் மத்தியானம்வரை சத்தம் நிற்காது. அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்து, பழைய டயர் மேல் உட்கார்ந்து, "டேய் இன்ஜினீரு, இன்னிக்கு எந்த வண்டியக் கெடுத்த?" என்பான். அவன் மனைவி அமிர்தம் காரக்குழம்பு வைக்கிற நாளில் எனக்கும் சேர்த்து ஒரு கிண்ணம் வரும். அவர்கள் வீட்டுக்குள் நான் கதவைத் தட்டிவிட்டுப் போனதில்லை. தாகம் எடுத்தால் நேராகப் போய்ப் பானையில் மொண்டு குடிப்பேன்.

அந்தத் தெருவில் காலை நேரத்தில் பாவு போடுவார்கள். ஒரு புடவைக்கான அத்தனை இழைகளையும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். சைக்கிளில் வருகிறவன்கூட இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவான். இந்தத் தெருவுக்குள்தான் பட்டு முதலாளியின் வேன் தினம் வந்து போகும். அது வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன வண்டி, எனக்கு மூத்தது. அதன் ஸ்டீரிங் பாக்ஸ் கசிந்து போகிற வழியெல்லாம் சொட்டும். ஒரு நாள் கட்டு தளர்ந்து, ஒரு பாவின் ஓரம் தரையில் கிடந்த எண்ணெயைத் தொட்டுவிட்டது. தெருவே கூடி வேனை மறித்தது. கறை போகும்வரை ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கேள்வி.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவருக்குத்தான் ஏகாம்பரமும் நெய்தான். "தை பொறந்தா முகூர்த்தம். அதுக்குள்ள இந்த ஒழுக்க நிறுத்திட்டன்னா என் ரெண்டு வண்டியும் உன் கையில. இல்லன்னா வேற ஆளப் பாக்கறேன்" என்றார்.

எண்ணெய் கசியாமல் அடைக்கிற வளையமான சீலைத் தேடி, சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் போனேன். கடை கடையாக ஏறி இறங்கியதில் செருப்பு அறுந்ததுதான் மிச்சம். திரும்பி வந்து, ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்தைத் திருப்புகிற டிராப் ஆர்மைக் கழற்றி, உள்ளே உளுத்துப் போயிருந்த பழைய சீலைக் கிளறி எடுத்துவிட்டு, அது இருந்த பள்ளத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எங்கள் ஊர்ப் பம்பு செட்டு ஞாபகம் வந்தது. அதில் தண்டைச் சுற்றிக் கயிறு திணித்துத்தான் தண்ணீர் ஒழுகாமல் நிறுத்துவோம். பருத்தி நூலை முறுக்கித் திணித்தேன். ஒரு நாள் நின்றது, மறுநாள் ஊறிக்கொண்டு சொட்டியது. தேங்காய் நாரைத் திணித்தேன். அதைப் பற்றிப் பேசாமல் விட்டால் எனக்கு மரியாதை.

அன்றைக்கு மத்தியானம் தண்ணீர் குடிக்கப் பக்கத்து வீட்டுக்குள் போனேன். தறி சும்மா இருந்தது. ஏகாம்பரம் சரிகை வாங்கிவரப் போயிருந்தான். அமிர்தம் குழந்தையோடு தெருக்குழாயில் நின்றிருந்தாள். தறித்தூணில் ஒரு துணிப்பை தொங்கியது. அதற்குள் அறுந்த இழைகள், முடிச்சுப் போட்டு வெட்டிய நுனிகள், எல்லாம் பட்டு. நீலமும் பச்சையுமாக மயில்கழுத்து நிறம். ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், விரலை அறுத்தது. இதுதான் என்று தோன்றிவிட்டது. ஒரு பிடி எடுத்தேன். முறுக்குவதற்குப் போதாதோ என்று இன்னொரு பிடியும் எடுத்தேன்.

எங்கள் ஊர்க் களத்தில் சிந்தியது சிந்தியதுதான். குருவிக்கும் கோழிக்கும் போக மிச்சத்தை யார் கூட்டி அள்ளினாலும் ஏனென்று கேட்க மாட்டார்கள். கழிவு நூலும் அப்படித்தான் என்று நினைத்தேன். இதுவரை உண்மை. ஆனால் அவன் வந்ததும் சொல்லியிருக்கலாமே என்றால், அதற்கும் ஒரு காரணம் இருந்தது. சொன்னால், 'இன்ஜினீரு என் பட்டுல பொழைக்கிறான்' என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பான். வித்தை முழுக்க என்னுடையதாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

பட்டைக் கயிறாக முறுக்கி, தேன்மெழுகில் தோய்த்து, பள்ளத்தில் சுற்றி இறுக்கி மூடினேன். வேனுக்கு அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து வைத்தேன். மூன்று நாள் ஒரு சொட்டு விழவில்லை. நான்காம் நாள் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேனை நானே ஓட்டிப்போய் முதலாளி கடை வாசலில் நிறுத்தினேன். அவர் காகிதத்தை வாங்கி, கடைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டினார். எப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, "அது தொழில் ரகசியம் முதலாளி" என்றேன். இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

அந்த நேரம் பார்த்து ஏகாம்பரம் முடித்த புடவையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். முதலாளி புடவையைத் தராசில் வைத்தார். அப்புறம் அந்தத் துணிப்பையையும் வாங்கிப் பக்கத்தில் வைத்தார். நெய்யக் கொடுக்கிற பட்டையும் சரிகையையும் நிறுத்துக் கொடுப்பார்கள், புடவையும் கழிவும் சேர்ந்து அந்த எடைக்கு வர வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். அந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியும் எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

முதலாளி இரண்டாம் முறையும் நிறுத்தார். "இன்னா ஏகாம்பரம், கழிவு கொறையுதே."

"இருந்தது அத்தினியும் அந்தப் பையிலதாங்க இருக்குது."

"பையில இருக்கறதத்தான் நிறுத்தேன்."

ஏகாம்பரம் பையை வாங்கி உள்ளே கைவிட்டுப் பார்த்தான். தலைகீழாக உதறினான். பட்டு திருடினான் என்ற பெயர் வந்தால் அந்தத் தொழிலில் அதற்கு மேல் கெட்ட பெயர் கிடையாது. அவன் என் பக்கம் திரும்பினான். "இவன வேணா கேளுங்க முதலாளி. ஒட்டுச்சுவரு. தெனம் என் வீட்டுக்கு வந்துக்கினு போய்க்கினு இருக்கறவன். நான் அப்படிப்பட்டவனான்னு இவனுக்குத் தெரியும்."

முதலாளி என்னைப் பார்த்தார். "இன்னாபா, உனக்கு ஏதாவது தெரியுமா?"

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் ஷெட்டுலயே கெடக்கறவன் முதலாளி. அவங்க வூட்டு விஷயம் எனக்கு இன்னா தெரியும்?"

ஏகாம்பரம் காலிப் பையை மடித்து இடுப்பில் செருகினான். "அடுத்த பாவு எப்ப வாங்கிக்கட்டும்?" என்று முதலாளியைக் கேட்டான். "சொல்லி அனுப்பறேன்" என்றார் அவர். திட்டவில்லை, அடிக்கவில்லை. நெசவுக்காரனை வேலையிலிருந்து நிறுத்துகிற விதம் அதுதான்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் குரல் கேட்டது. வீட்டில் புதிதாக ஓர் அலுமினியச் சொம்பு இருந்தது. கழிவுப் பட்டைப் பாத்திரக்காரனிடம் போட்டுச் சொம்பு வாங்கினாயா என்று அமிர்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். "எங்கம்மா குடுத்தது, எங்கம்மா குடுத்தது" என்று அவள் அழுதாள். நான் ஸ்பேனரை எடுத்து எதையோ தட்டத் தொடங்கினேன். கேட்காமல் இருக்க வேண்டுமே. அந்தச் சுவரைத் தாண்டிப் பத்து அடி நடக்க எனக்குக் கால் வரவில்லை. இரண்டு வண்டிகளும் அதற்குள் என் கைக்கு வந்திருந்தன.

முதலாளி சொல்லி அனுப்பவே இல்லை. மற்ற முதலாளிகள் காதுக்கும் விஷயம் போயிருந்தது. தறிச்சத்தம் இல்லாத சுவர் பக்கத்தில் வேலை செய்ய எனக்குக் கூச்சமாக இருந்தது. அவன் வேறு யார் தறியிலோ கூலிக்குப் போய்வந்தான். மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு வருவது மட்டும் நிற்கவில்லை. என்மேல் அவனுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. தெரியாது என்றுதானே சொன்னான், பாவம், அவனுக்கு என்ன தெரியும் என்று எனக்காக அவனே மற்றவர்களிடம் நியாயம் பேசினான். அந்த நாட்களில் சோறு இறங்கியது என்றால் நம்புவீர்களா? இறங்கத்தான் செய்தது.

பங்குனியில் வேன் மறுபடி சொட்டியது. டிராப் ஆர்மைக் கழற்றி, உள்ளேயிருந்த கயிற்றைக் கம்பியால் கிளறி வெளியே இழுத்து, செய்தித்தாளில் போட்டேன். வாசலில் அவன் குரல். "டேய் இன்ஜினீரு, இருக்கியாடா?" நான் வேனுக்கு அடியிலிருந்து வெளியே வருவதற்குள் அவன் உள்ளே வந்து குந்தி உட்கார்ந்துவிட்டான். கயிறு கரிபோல இருந்தது. நான் இழுத்ததில் பிரிந்திருந்த நடுப்பாகம் மட்டும் நீலமும் பச்சையுமாக அப்படியே இருந்தது.

அவன் அதை எடுத்தான். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து முறுக்கைப் பிரித்தான். நெசவுக்காரனுக்குத் தான் நெய்த நிறத்தைக் காட்டிக்கொடுக்க யாரும் வேண்டாம். அவன் கண் அதிலேயே இருந்தது, என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நல்லாத்தான் தாங்கியிருக்குது" என்றான். கயிற்றைச் செய்தித்தாளிலேயே திரும்ப வைத்தான். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான். "திங்கக்கெழம ஆரணிக்குப் போறோம். அங்க ஒருத்தரு தறி குடுக்கறேன்னாரு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவன் முதலாளியிடம் போகப் போகிறான் என்று பயந்து வாசலுக்கு வந்து பார்த்தேன். கடைப் பக்கம் திரும்பாமல் வீட்டுக்குள் போனான். அப்போது எனக்கு அழுகை வரவில்லை. நிம்மதியாக இருந்தது. எடுத்ததையும் பொய் சொன்னதையும்கூட வயசுக் கோளாறு என்று எப்படியாவது மழுப்பிக்கொள்ளலாம். அந்த நிம்மதியை மட்டும் என்னால் எங்கேயும் ஒளித்து வைக்க முடியவில்லை.

அன்றைக்கே செருப்புத் தைக்கிறவரிடம் ஒரு துண்டுத் தோல் வாங்கி, வட்டமாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்துப் போட்டேன். வேனைப் பழைய இரும்புக்குப் போடுகிறவரை அது ஒழுகவில்லை. முதல் நாளே அதைச் செய்திருக்கலாம். இன்ஜினீயருக்குத் தோன்றவில்லை.

பல வருஷம் கழித்து ஆரணியிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது, அவன் பெண்ணுக்கு. அன்றைக்காவது சொல்லிவிடுவது என்று பஸ் ஏறினேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். மண்டப வாசலிலேயே அவன் இரண்டு கையையும் கூப்பி, "வாங்க, வாங்க. வூட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றான். சம்பந்தியைக் கூப்பிட்டு, "இவரு நம்ம காஞ்சிபுரம். பெரிய மெக்கானிக். இவரு கைபட்டா ஒரு சொட்டு ஒழுகாது" என்று அறிமுகம் செய்தான். அதில் குத்தல் இருந்ததா, மெய்யாகவே பெருமையாகச் சொன்னானா, எனக்கு விளங்கவில்லை. பந்தியில் அமிர்தம் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். மொய் எழுதிவிட்டு, அடுக்கிவைத்த வார்த்தை ஒன்றையும் எடுக்காமல் திரும்பி வந்தேன்.

அந்தத் தெருவில் இப்போது பாவு போடுவதில்லை, இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. ஷெட் இருந்த இடத்தில் செல்போன் கடை. முதலாளி போய்விட்டார். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஏகாம்பரமும் போய்விட்டான், செய்தி எனக்குப் பதினாறாம் நாளுக்குப் பிறகுதான் வந்தது. மன்னிப்புக் கேட்க ஆளில்லை என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு எத்தனையோ பேர் மரியாதை கொடுக்கிறார்கள், சார் என்கிறார்கள், அங்கிள் என்கிறார்கள். 'டேய்' என்று கூப்பிட ஒருவன்தான் இருந்தான். அன்றைக்கு ஷெட் வாசலில் கூப்பிட்டதுதான் கடைசி. அதற்குப் பிறகு அவனுக்கும் நான் 'நீங்க'தான்.