திரும்பி வராத டப்பா

பாரிவாக்கத்தில் நான் குடியிருந்த மாடிக்குக் கீழே வீட்டுக்கார அக்கா தனியாக இருந்தார். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் ஓசூரில். என் கணவர் துபாயில். ஆக, கீழே ஒரு அடுப்பு, மேலே ஒரு அடுப்பு, ஆளுக்கொரு தட்டு. வேலை முடிந்து நான் ஸ்கூட்டியைக் கேட்டுக்குள் தள்ளும்போதே அக்காவின் சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வரும்.

"இன்னாமா, எதுனா துண்ணியா?"

சாப்பிடவில்லை என்றால் கிண்ணம் மேலே வரும். சாப்பிட்டுவிட்டேன் என்றாலும் வரும். அவர்கள் பக்கத்து நெத்திலிக் குழம்பில் மாங்காய் போடுவார்கள். தென்காசிக்காரி எனக்கு முதல் நாள் முகம் சுளித்தது. பிறகு நாக்கு அதற்கே அடிமையாகிவிட்டது.

கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் ஊரிலும் இல்லை, அக்கா ஊரிலும் இல்லை. நாலு முறுக்கு, கொஞ்சம் எலுமிச்சை சாதம், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் தருவோம். போன கிண்ணம் திரும்பி வராமல் அக்கா அடுத்த கிண்ணம் அனுப்ப மாட்டார். கொடுத்துக் கொடுத்து எதிராளியைக் கூச வைக்கக் கூடாது என்பது அவருடைய கணக்கு.

இந்த நேரம் பார்த்துத்தான் என் அலுவலகத்தில் சில பேருக்கு உலகத்தின் பசியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. ஒரு மாதம், ஒரு டீக்கும் வடைக்கும் ஆகிற காசில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். மிச்சப் பணம் தர்மத்துக்கு. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சாமானைத் தொடக் கூடாது. யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்கக் கூடாது. நான் முந்திரிக்கொட்டை மாதிரி முதல் ஆளாகக் கை தூக்கினேன். வீட்டுக்கு வந்ததும் பருப்பு, சர்க்கரை, எண்ணெய் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டுத் திரும்பினால், மேடையில், முந்தின நாள் குழம்பும் பொரியலுமாகச் சேர்ந்து வந்த அக்காவின் இரண்டு கிண்ணங்கள் கழுவிக் கவிழ்த்துக் கிடக்கின்றன. எதைப் போட்டுத் திருப்பித் தருவது? இதை நான் யோசிக்கவே இல்லை.

முதல் சில நாட்கள் வீரமாகத்தான் போயின. கஞ்சி, தொட்டுக்கொள்ள வெங்காயம். அப்புறம் வயிறு பேச ஆரம்பித்தது. மீட்டிங்கில் யாரோ எதையோ விளக்கும்போது நான் உளுந்த வடையை நினைத்துக்கொண்டிருந்தேன். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். போனில் "சாப்டியா?" என்று கேட்ட கணவரை "வேற பேச்சே கிடையாதா உங்களுக்கு?" என்று கடித்தேன். பாவம், அந்த மனிதர் என்ன செய்தார்?

அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது கீழே இருந்து வந்த வாசனை. ஞாயிற்றுக்கிழமை புளியும் மாங்காயும் நெத்திலியும் சேர்ந்து கொதித்து, மாடிப்படி ஏறி, என் கதவிடுக்கில் நுழைந்து வந்தது. கிண்ணம் மட்டும் வரவில்லை. வந்தாலும் வாங்கக் கூடாது என்று விதி. ஆனால் வராதா என்று கதவருகே நின்றேன்.

சாயங்காலக் கேள்வியும் நின்றுபோனது. நான் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வருவேன். ஜன்னலில் விளக்கு எரியும். அக்கா பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்கும். என்னைப் பார்த்தால் சிரிப்பார், தலையைக் குனிந்துகொள்வார். மாடிக்காரிக்கு நம் சாப்பாடு வேண்டாம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டுவிட்டார். போய்ச் சொல்லிவிடலாம்தான். சம்பளப் பணம் பேங்கில் இருக்க, பட்டினி கிடந்து பழகுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் அந்தக் கேள்வி இல்லாமல் வீட்டுக்குள் நுழைவது, கஞ்சி குடித்துப் படுப்பதைவிடக் கொடுமையாக இருந்தது.

ஒரு சாயங்காலம் பொறுக்க முடியவில்லை. அன்றைக்குச் சோற்றுக்கு வைத்திருந்த புளி ரசம், பருப்பு கிடையாது, தக்காளி பேருக்கு. படியில் சிந்துமே என்று அதை என் ஆபீஸ் டப்பாவில் ஊற்றி மூடினேன். இன்னொரு கையில் இரண்டு கிண்ணங்கள். கீழே போய் நீட்டினேன்.

அக்கா டப்பாவைத் திறந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலாகப் போனது.

"ஐய்ய! இன்னாமா இது, தண்ணிய சுட வச்சி எடுத்தாந்துகீற?"

நான் அழுதுவிட்டேன். விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா இடுப்பில் கைவைத்துக் கேட்டார்.

"இல்லாதவங்க எப்படி கீறாங்கன்னு பாக்கறதுக்கா?"

"ஆமாக்கா."

"அதுக்கு ஏம்மா யாரு குத்தாலும் வாங்காத கீற? இல்லாத ஊட்டுலதான் பக்கத்து ஊட்டு கிண்ணம் ஜாஸ்தி வரும். நீ எம்மேல இன்னாவோ கோச்சிக்கினன்னு நெனச்சிகினு கீறேன் நானு. எனக்குந்தான் துண்ண முடில. ஒக்காரு."

ஓஹோ, விதியாவது மண்ணாங்கட்டியாவது! உட்கார்ந்தேன். சுடுசோறு, முந்தின நாள் சுண்ட வைத்த குழம்பு. என் ரசத்தை அக்கா தன் தட்டில் ஊற்றிக்கொண்டு, திட்டிக்கொண்டே, ஒரு சொட்டு விடாமல் சாப்பிட்டார்.

மாத முடிவில் அலுவலகத்தில் எல்லோரும் அனுபவம் சொன்னார்கள். நான் பாதியில் விட்டவள் என்பதால் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கீழ்வீட்டு ஜன்னலைப் பற்றி என்னவென்று சொல்வேன்?

என் டப்பா மட்டும் மேலே வரவில்லை. கேட்டால், "காலியா எப்படி குடுக்கறது? இரு, எதுனா செய்றேன்" என்பார். செய்வார், ஆனால் தன் கிண்ணத்தில் அனுப்புவார். வேண்டுமென்றே செய்கிறார் என்று எனக்குத் தெரியும். நானும் வேண்டுமென்றே கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன வருடம் அக்காவின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. அக்கா ஓசூருக்கே போய்விட்டார். பாத்திர மூட்டை வேனில் ஏறும்போது என் டப்பா மேலாகத் தெரிந்தது. மூட்டையின் முடிச்சை நானே இறுக்கிவிட்டேன். கீழ்வீட்டில் இப்போது ஒரு சின்ன ஜோடி. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், சாப்பாடு பையில் வந்து வாசலில் இறங்குகிறது. நல்ல பிள்ளைகள்தான். ஜன்னல் சாத்தியே இருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் அக்கா போன் செய்தார். பேரன் தவழ்கிறானாம். ஓசூரில் நெத்திலி கிடைத்தாலும் ருசி இல்லையாம்.

"உன் டப்பா எங்கிட்டதான் கீது. வந்து துண்ட்டு வாங்கினு போ."

"வர்றேன்க்கா. யார்கிட்டயும் குடுத்து விட்டுராதீங்க."

"எவன் குத்தனுப்பப் போறான்?" என்றார். பிறகு அந்தப் பழைய குரல்:

"இன்னாமா, எதுனா துண்ணியா?"

ஃப்ரிட்ஜ் நிறைய இருந்தது. அப்போதுதான் வயிறு முட்டச் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தேன்.

"இன்னும் இல்லக்கா" என்றேன்.