மரத்தை வெட்டக்கூடாது என்று வந்த கடிதம்

காலையில் நம் குடியிருப்பாளர் மின்னஞ்சல் குழுவில் நான் பகிர்ந்த கடிதத்தைப் பார்த்துச் சிலர் சொல்வதுபோல், இறந்துபோன என் கணவரின் கையெழுத்தை நான் போடவில்லை. வாசல் மரத்தை வெட்ட அனுமதி கேட்டவளே நான்தான். அதன் வேர் என் வீட்டுச் சுவரைப் பிளக்கிறது.

அவர் மலேசியாவில் கிள்ளானுக்கு அருகே நம் சிறு நகரின் நகராண்மைக் கழகத் தலைவராக இருந்தவர். ஊருக்கு அவர் மேயர். பதவியேற்ற அன்று அவர் நட்ட மரம் அது. பதவியில் இருந்தவரை எந்த மரத்தையும் வெட்ட விட்டதில்லை.

இன்று காலை நகராண்மைக் கழகத்திடமிருந்து பதில் வந்தது. அனுமதி இல்லையாம். கீழே அவருடைய கையெழுத்து. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது.

கடிதத்தோடு நேராகக் கழக அலுவலகம் போனேன்.

“பழைய ரப்பர் ஸ்டாம்பா இருக்கும் லா, ஆன்டி,” என்று குமாஸ்தா சிரித்தார்.

“ஸ்டாம்ப் அவர் நல்லா இருந்தப்ப செஞ்சது, தம்பி. இது பக்கவாதம் வந்தப்புறம் இடது கையால போட்டது. ஆஸ்பத்திரி பாரத்துல ஒரே ஒரு தடவைதான் போட்டாரு. அது என் அலமாரியில இருக்கு.”

குமாஸ்தா கடிதத்தை இரண்டு கைகளாலும் திருப்பித் தந்தார்.

“மரம் இருந்துட்டுப் போகட்டுமே, ஆன்டி.”

கையெழுத்திட்டவர் யாராக இருந்தாலும் சரி, என் சுவருக்கு வழி சொல்ல வேண்டும். கனவில் வந்து சொன்னால் ஏற்கமாட்டேன். தயவுசெய்து எழுத்தில் பதில் தரவும்.