இரண்டாவது சிவப்பு ஒயர்

லிஃப்ட் மெக்கானிக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஒன்பது வருஷமாக அவர் மனைவி கெஞ்சியும் மிஞ்சியும், கடைசியில் பேச்சை நிறுத்தியும் சாதித்த மூன்று நாள் லீவு அது. மனுஷன் லேசில் வேலையை விட்டு நகர்கிற ஆள் இல்லை. மைத்துனன் கல்யாணத்தில் பெண் வீட்டாரை வரவேற்க வாசலில் நிறுத்தினால், மண்டபத்து லிஃப்டில் காதை வைத்துக்கொண்டு நின்றவர். "பேரிங் போகப்போகுது" என்று சம்பந்தியிடமே போய்ச் சொன்னவர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஆனால் எங்கே போனாலும் படியேறித்தான் போவார். கேட்டால், "அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுமே" என்பார்.

மனைவி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். பகலில் அவருடைய போன் ஓட்டல் அறை அலமாரியில் இருக்கும், சாவி அவள் இடுப்பில் இருக்கும். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டார்.

பதினோரு மணி வெயில். குடை நிழலில் மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். ஏழு வயது மகள் ஈர மணலைக் குவித்து என்னவோ கட்டிக்கொண்டிருந்தாள். புதுச் சட்டை மணலில் பாழாகும் என்று நேற்றைய வேலைச் சட்டையையே அவர் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தார்.

கண்ணாடி மட்டும்தான் இருந்தது. மறுபடியும் கையை விட்டுத் துழாவினார்.

நேற்று பார்த்தது ஐந்து மாடிப் பழைய கட்டடம், கம்பிக்கதவு லிஃப்ட். கதவை முழுசாகச் சாத்தினால்தான் நகரும். அந்தக் கதவுப் பூட்டில்தான் கோளாறு. கோளாறு எங்கே என்று தேடும்போது பூட்டுக்குக் குறுக்கே ஒரு துண்டு சிவப்பு ஒயரைப் போடுவார்கள். கதவு திறந்தே கிடந்தாலும் சாத்தியிருப்பதாக மெஷின் நம்பிவிடும். உள் கதவுக்கு ஒரு ஒயர், வெளிக் கதவுகளுக்கு ஒரு ஒயர். வேலை முடிந்ததும் இரண்டையும் பிடுங்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டு, ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவார். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தவறியதில்லை.

தவறினால்? யாரோ கதவைச் சாத்தாமல் வெளியே வருவார்கள். கீழேயிருந்து இன்னொருவர் பொத்தானை அமுக்குவார். லிஃப்ட் பாட்டுக்கு இறங்கிப் போய்விடும். திறந்த கதவுக்குப் பின்னால் வெறும் குழிதான் இருக்கும்.

நேற்று பிடுங்கினோமா? மனைவி மூன்று தடவை போன் செய்தாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று. மூன்றாவது தடவை தோளில் போனை இடுக்கிக்கொண்டுதான் லிஃப்டின் ஒயர் டப்பாவை மூடினார். அது நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் கை என்ன செய்தது என்பதுதான் நினைவில்லை.

அப்போது மகள் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தாள். வாளியின் கைப்பிடி உடைந்த இடத்தில் சிவப்பாக ஒரு ஒயர் முறுக்கியிருந்தது.

"இது ஏதும்மா?"

"உங்க சட்டைப் பாக்கெட்லதான்பா இருந்துச்சு. காலையில எடுத்தேன். திட்டாதீங்கப்பா!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். போன உயிர் திரும்பி வந்தது. கீழே இறக்கிவிட்டபோதுதான் கேட்கத் தோன்றியது.

"இன்னொண்ணு எங்க?"

"ஒண்ணுதான்பா இருந்துச்சு."

மனைவியை உலுக்கி எழுப்பினார். "சாவியைக் குடு."

"ஒரே ஒரு நாள்ங்க. ஒரு நாள்கூட உங்களால..."

"லிஃப்ட்ல ஒயரை விட்டுட்டு வந்துட்டேன்."

பதினைந்து வருஷம் மெக்கானிக்கோடு குடித்தனம் செய்தவளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. செருப்பைக்கூடத் தேடாமல் அவருக்கு முன்னால் ஓடினாள். மகள் வாளியோடு பின்னால் ஓடிவந்தாள். ஓட்டல் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. மூவரும் படியில்தான் ஏறினார்கள்.

ஏழாவது ரிங்கில் அந்தப் பழைய கட்டடத்து வாட்ச்மேன் போனை எடுத்தார்.

"அட, சார் நீங்களா! நூறு ஆயுசு உங்களுக்கு. என்ன மாயம் பண்ணீங்க சார்? வெளிக் கதவைச் சாத்தலைன்னாகூட நிக்காம ஓடுது. மூணாவது மாடிக்குப் புதுசா குடி வர்றாங்க. வெளிக் கதவைத் திறந்தே வெச்சுக்கிட்டு காலையிலேர்ந்து சாமான் ஏத்துறாங்க. எல்லாரும் உங்களைத்தான் புகழ்றாங்க!"

"அண்ணே, நான் சொல்றதை மட்டும் செய்யுங்க. மீட்டர் ரூம்ல லிஃப்ட் மெயின் ஸ்விட்ச் இருக்கில்ல? கைப்பிடியை இறக்குங்க. இப்பவே. போனை வெச்சுடாதீங்க."

செருப்புச் சத்தம் கேட்டது. சாவிக்கொத்து குலுங்கியது. வாட்ச்மேன் தப்பான சாவியைப் போட்டு முணுமுணுத்தார். மனைவி புருஷன் கையை இறுகப் பிடித்திருந்தாள். டமார் என்று கைப்பிடி இறங்கியது. உடனே எங்கேயோ ஒரு பெண் அலறினாள்.

"எங்கேர்ந்துண்ணே? எங்கேர்ந்து கத்துறாங்க?"

"லிஃப்டுக்குள்ள சார். குடி வர்றாங்கள்ல, அந்தம்மா. கீழே எங்கேயோ நடுவுல நிக்குது."

"மூணாவது மாடிக் கதவு? மேல ஓடுங்க!"

வாட்ச்மேன் இரைக்க இரைக்க ஏறினார். பிறகு அவர் குரலே மாறிவிட்டது.

"சார்... கதவு திறந்து கிடக்கு. அவங்க குட்டிப் பொண்ணு வாசல்ல நின்னு உள்ள எட்டிப் பாக்குது."

"சத்தம் போடாதீங்க. பின்னால போய்த் தூக்குங்க."

மெக்கானிக் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. குழந்தை வீலென்று அழுதது, போனுக்கு மிக அருகில்.

"தூக்கிட்டேன் சார். இடுப்பில இருக்கு."

கதவைச் சாத்திப் பூட்டவும், யாரையும் மெயினைத் தொட விடாமல் இருக்கவும் சொல்லிவிட்டு அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். மனைவி அறையில் விட்டுப்போயிருந்த தன் போனை எடுத்துக் கம்பெனிக்குப் போட்டு அவர் வாயருகே பிடித்தாள். உடனே ஆள் அனுப்பச் சொன்னார். தப்பு தன்னுடையதுதான் என்றும் சொன்னார். சொன்னபோது அழுதார். மகள் வாளிக் கைப்பிடியிலிருந்து ஒயரை அவிழ்த்து அவர் மடியில் வைத்தாள்.

"சார், இருக்கீங்களா?" வாட்ச்மேன் சங்கடப்பட்டார். "அந்தம்மா உள்ளேர்ந்து உங்களைக் கண்டபடி திட்டுறாங்க சார். லிஃப்டைக் கெடுத்துட்டீங்களாம். காது குடுத்துக் கேக்க முடியலை. வெச்சுடட்டுமா?"

"வெச்சுடாதீங்கண்ணே," என்றார். "நல்லா திட்டட்டும். கேக்குறேன்."