பங்களாக் கீழறையைக் காய வைத்த கதை

1. முதல் நாள்

மருதை வாளியால் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றிக்கொண்டிருந்தான். நான் முழங்கால் தண்ணீரில் நின்று சுவரை அளந்துகொண்டிருந்தேன். மலாயாவில், நெகிரி செம்பிலானில் எங்கள் ரப்பர் தோட்டத்து மேனேஜர் பங்களாவின் கீழறையில் எங்களுக்கு அன்றுதான் முதல் நாள். ஜப்பான்காரன் வந்த இரண்டாவது வருஷம்.

இப்போது வீடு ரெனவேஷன் செய்கிற தம்பிகள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. டைல்ஸ், பெயின்ட் எல்லாம் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதைக் கற்ற விதத்தைத்தான் எழுதுகிறேன்.

அந்தப் பங்களா குன்றுச் சரிவை வெட்டிக் கட்டியது. முன்பக்கம் தரையோடு இருக்கும். பின்பக்கத்தில் பாதி மண்ணுக்குள் ஒரு நீளமான அறை. வெள்ளைக்கார துரை அதில் பாட்டிலும் பழைய நாற்காலியும் போட்டு வைத்திருந்தார். அவர் ஓடிப்போன பிறகு ஜப்பான் அதிகாரி ஒருவர் பங்களாவில் குடியேறினார். விமானம் வந்து குண்டு போடும் என்ற பயம் அவருக்கு. அந்தக் கீழறையைக் கட்டிலும் மேஜையும் போட்டுத் தங்குகிற இடமாக்க வேண்டும் என்றார்.

அப்போது தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டு நின்றுபோய் எல்லாரும் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தோம். ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. ஆபீஸ் கணக்கு பார்க்கும் பெரிய கிராணி செல்லத்துரையின் கையில் லிஸ்ட் இருந்தது. கொத்தனார் என்பதால் என் பெயர் அதில் இல்லை. மருதை பெயர் இருந்தது. அவன் என் தங்கை புருஷன். தங்கை ஆறு மாதக் கர்ப்பிணி.

செல்லத்துரை யாழ்ப்பாணத்துக்காரர். கொஞ்சம் ஜப்பான் பாஷை படித்திருந்தார். அதிகாரியிடம் பேசிவிட்டு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாணிக்கம், இந்தாள் சொல்லுறது இதுதான். மழைக்காலத்தில முதல் பெரிய மழை பெய்து முடிய அறை காஞ்சு கிடக்க வேணும். கிடந்தா உம்மையும் மருதையையும் கட்டட வேலைக்கு வச்சுக்கொள்ளுவார். இல்லாட்டி மருதை அடுத்த லொறியில போறான். விளங்குதா?"

"காய வச்சிருவேன் ஐயா," என்றேன். எனக்கு அப்போது முப்பது வயது. என் கரண்டிக்குப் படியாத சுவர் மலாயாவில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

2. நான் போட்ட பிளான்

காகிதத்துக்குப் பஞ்சம். ஆபீசில் கிடந்த பழைய பால் கணக்குத் தாளின் பின்பக்கத்தில் பிளான் போட்டேன். கட்டில் எங்கே, மேஜை எங்கே, காற்றுக்கு ஓட்டை எந்த உயரத்தில், படி எத்தனை என்று எல்லாவற்றுக்கும் அளவு எழுதினேன். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார். அழகான பிளான்தான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் அதில் இல்லை.

சிமென்ட் கண்ணால் காணக் கிடைக்காது. கடற்கரைப் பக்கமிருந்து கிளிஞ்சல் வாங்கிவரச் செய்து சுட்டு, நீற்றி, செங்கல்தூள் சேர்த்து அரைத்தோம். மருதை அரைத்த கலவை வெண்ணெயாக இருக்கும். பின்சுவருக்கு இரண்டு பூச்சு. கை வலிக்கத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். பார்க்க வந்த பெரிய கங்காணியிடம், "இனிமே இதுல ஒரு சொட்டு வராது கங்காணி," என்று சொன்னேன். அந்தப் பேச்சு பேசாமலே இருந்திருக்கலாம்.

பூச்சு முடிந்த நான்காம் நாள் மத்தியானம் மழை. பெரிய மழைகூட இல்லை. மறுநாள் காலையில் எனக்கு முன்னால் கீழறைக்குப் போன மருதை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"மச்சான், பூச்சு கொட்டிப்போச்சு லா."

உள்ளே போய்ப் பார்த்தேன். பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து தண்ணீரில் கிடந்தது. செங்கல் சந்துகளில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. மருதை என்னைக் குறை சொல்லவில்லை. வாளியை எடுத்து இறைக்க ஆரம்பித்தான். அவன் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

3. அஞ்சலை சொன்னது

ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு மழைக்குழி தெரியும். சரிவில் விழுகிற மழை மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவிடாமல், நிரைக்கு நிரை குழி வெட்டித் தண்ணீரை அங்கேயே நிறுத்துவார்கள். மண்ணும் மிஞ்சும், மரமும் குடிக்கும். குழி தூர்ந்து கிடந்தால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்க வைத்து ஏசுவார்கள். அதனால் எங்களுக்குக் குழி என்றாலே நல்ல விஷயம். அதில் குற்றம் இருக்கும் என்று தோட்டத்து மூளைக்குத் தோன்றவே தோன்றாது.

பங்களாவுக்குப் பின்னால் மேட்டில் நான்கு குழி இருந்தது. துரை இருந்த கடைசி வருஷத்தில் கயிறு பிடித்து அளவு போட்டவன் நான். வெட்டினவன் மருதை. இத்தனை நாளும் அவற்றைத் தாண்டித்தான் இருவரும் வேலைக்கு வந்துபோனோம்.

பால் வெட்டுக்காரி அஞ்சலை அந்த மேட்டில் மரவள்ளி போட்டிருந்தாள். நான் பங்களாப் படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றாள்.

"என்னாண்ணே, ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. செவுருதான் ஒழுகுது."

"செவுருல தண்ணி, குழியில தண்ணி இல்ல. எங்கதான் போவுதோ," என்றாள். "மத்த நெரையில எல்லாம் மூணு நாளு நிக்குது. இந்தப் பங்களாக் குழியில மட்டும் மறுநாளு வாளிய வுட்டா சேறுதான் வருது."

நான் எழுந்துவிட்டேன். அவள் சொன்னதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். "காது அடைச்சிருக்கா அண்ணே?" என்று கேட்டுவிட்டுச் சொன்னாள்.

அடுத்த மழை விட்டதும் நானும் மருதையும் அஞ்சலையும் பால் வாளிகளை எடுத்துக்கொண்டு ஓடினோம். நான்கு குழியையும் அடிவரை இறைத்து, தூரத்து ஓடையில் கொண்டுபோய்க் கொட்டினோம். சாயங்காலம் கீழறைச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் இருந்தது, கசிவு நின்றிருந்தது. எனக்குச் சந்தோஷமும் வெட்கமும் சேர்ந்தே வந்தன. நாங்களே குழி வெட்டி இத்தனை நாளும் அந்த அறைக்குத் தண்ணீர் கட்டியிருக்கிறோம்.

4. ஒன்பது நாள்

குழிகளை மூட வேண்டும் என்றதும் பெரிய கங்காணி குறுக்கே வந்து நின்றார்.

"ஏம்பா, குழிய மூடுறதா? வெள்ளக்கார தொரை திரும்பி வந்து, எங்கடா என் குழின்னு கேட்டா நான் என்னா சொல்றது?"

"மாணிக்கம் மூடினான்னு சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அதிகாரியிடமும் போக வேண்டியிருந்தது. அவர் ஒப்புக்கொண்ட பிளான் தப்பு என்று அவரிடமே சொல்ல வேண்டும். செல்லத்துரை முகம் வெளுத்துப்போனது. "சொல்லத்தான் வேணுமோ?" என்றார். சொல்லாமல் குழி மூட ஆள் கேட்க முடியாதே. அவர் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் என் கன்னத்தில் அறை விழுந்தது. காது கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு அதிகாரி ஏதோ கேட்டார்.

"எத்தனை நாள் எண்டு கேக்கிறார்," என்றார் செல்லத்துரை.

"ஒம்பது நாளு. பத்து ஆளு."

பத்து ஆள் கிடைத்தது. குழிகளில் களிமண்ணைப் போட்டு அடுக்கடுக்காக இடித்தோம். பங்களாவுக்கு மேலே பிறை வடிவத்தில் நெஞ்சளவு ஆழ வடிகால் வெட்டி, அடியில் கல் பரப்பி, இரண்டு முனையையும் ஓடையில் சேர்த்தோம். எட்டாம் நாள்தான் மறுபடி கரண்டியை எடுத்தேன். இந்த முறை பளபளப்பு பார்க்கவில்லை.

5. பெரிய மழை

வேலை முடிந்த வாரத்திலேயே பெரிய மழை பிடித்தது. ஒன்றரை நாள் விடவில்லை. எங்கள் லயத்து வீட்டில் என் தங்கை மழையைப் பார்த்தபடி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மழை ஓய்ந்த காலையில் அதிகாரி கீழறைக்கு வந்தார். படியில் பூட்சைக் கழற்றிவிட்டு வெள்ளைக் காலுறையோடு உள்ளே போய், நான்கு மூலைக்கும் நடந்து, திரும்பி வந்து படியில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். சுண்ணாம்புத் தூசிதான் ஒட்டியிருந்தது. செல்லத்துரையிடம் ஒரு வார்த்தை சொன்னார். செல்லத்துரை லிஸ்டை எடுத்து மருதை பெயரை அடித்தார். என் தங்கைக்குப் பெண் பிறந்தபோது அவள் புருஷன் பக்கத்தில் இருந்தான்.

தண்ணீர் வருகிற வழியைக் கண்டுபிடிக்காமல் சுவரில் கை வைக்காதே. நான் கற்ற தொழில் பாடம் இதுதான். இதை வைத்துத்தான் அதன் பிறகு முப்பது வருஷம் பிழைத்தேன். ஒரு வீட்டிலும் என் பூச்சு விழுந்ததில்லை.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் காலுறையோடு நிறுத்திவிடுவேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எழுதும்போது அப்படி நிறுத்த மனம் வரவில்லை. அன்று மருதை பெயரை அடித்த செல்லத்துரை பேனாவை மூடவில்லை. அதே வரியில் வேறு ஒரு பெயரை எழுதினார்.

"ஆள் தொகை குறையக் கூடாது, மாணிக்கம்," என்றார் என்னைப் பார்க்காமல்.

அது அஞ்சலையின் புருஷன் காளியப்பன் பெயர். வடிகால் வெட்ட வந்த பத்துப் பேரில் அவனும் ஒருவன். வெள்ளிக்கிழமை காலை லாரியில் அவன் ஏறினான். திரும்பி வரவில்லை.